பங்கை விற்றதற்கு ஒரு பாராட்டு விழா

அண்மையில் ஒரு பொறியியல் கல்லூரி விழா. மேடையேறிய இளம் தொழில்முனைவோரிடம் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு ஃபண்டிங் வாங்கினீர்கள்?" வாடிக்கையாளர் எத்தனை பேர், மாத விற்பனை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. தொகையைச் சொன்னதும் அரங்கம் அதிர்ந்தது. சொந்த நிறுவனத்தில் ஒரு பகுதியை விற்றதற்கு எதற்குக் கைதட்டல்?

இப்படிப் பங்குக்கு ஈடாக வரும் வெஞ்சர் கேபிடல் பரிசுப் பணமல்ல. தொடக்கநிலை நிறுவனங்களில் முதலீடு செய்யும் அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் 1,25,000 டாலர் கொடுத்து 7 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்கிறது. கூடுதலாகத் தரும் 3,75,000 டாலர் 'சேஃப்' ஒப்பந்தத்தில் வருகிறது. அதற்காக எவ்வளவு பங்கு கைமாறும் என்பது அடுத்த சுற்று முதலீட்டின்போதுதான் தெரியும். பொதுவாக முதலீட்டு ஒப்பந்தங்களில் இன்னொரு விதியும் இருக்கும். நிறுவனம் விலைபோனால், முதலீட்டாளர் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார். மிஞ்சினால்தான் நிறுவனருக்கும் பங்கு வைத்திருக்கும் ஊழியருக்கும்.

வெளிப்பணம் இல்லாமல் வளரவே முடியாது என்கிறார்கள். மென்பொருள் நிறுவனமான ஸோஹோ வளர்ந்ததே! 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய அந்த நிறுவனம், வெஞ்சர் கேபிடல் பக்கமே போகாமல், விற்று வந்த பணத்தில் அடுத்தடுத்த மென்பொருள்களைச் செய்தது. ஆண்டு வருவாய் 100 கோடி டாலரைத் தாண்டியது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறக்க எந்த முதலீட்டாளரிடமும் அது அனுமதி கேட்கவில்லை. ஒரே ஒரு நிறுவனம்தானே என்பார்கள். 'முடியாது' என்ற பேச்சைப் பொய்யாக்க ஒன்று போதும்.

முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்த இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸுக்கு 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பு போட்டார்கள். 2024 ஜூலையில் அது திவால் நடவடிக்கைக்குள் போனது. அடிபட்டவர்கள் சம்பளம் வராத ஊழியர்களும், கடன் எடுத்துப் பாடம் வாங்கிய பெற்றோரும். ஸோஹோவிலோ மதிப்பைத் தூக்கிக் காட்டும் அவசரமே இருந்ததில்லை.

கல்லூரிகளின் இன்குபேஷன் மையங்களும் இந்த ஃபண்டிங் மயக்கத்துக்குத் துணைபோகின்றன. பத்து ரூபாய்க்குக்கூட எதையும் விற்றுப் பார்க்காத மாணவனுக்கு, முதலீட்டாளர் முன் பேசப் பயிற்சி கொடுக்கிறார்கள். விலை போடவும் வரவு செலவு எழுதவும் சொல்லித் தருவதில்லை.

பங்கை விற்காமல் கடன் கேட்பவரின் நிலை வேறு. கோவையில் மோட்டார் பம்ப் பட்டறை நடத்துபவர் சில லட்சம் நடைமுறை மூலதனம் கேட்டு வங்கிக்குப் போனால், வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். அடமானமில்லாக் கடனுக்கு அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து நடத்தும் உத்தரவாத நிதி 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அதைப் பற்றி எந்த ஸ்டார்ட்அப் மாநாட்டிலாவது பேசுகிறார்களா?