பதில் வந்தால் போதுமா?

ஆபீசில் கம்ப்யூட்டர் ஓடுகிறது. ஆனால் சர்வரில் உள்ள கணக்கு திறக்கவில்லை. பழுது பார்ப்பவர் வருகிறார். 'பிங்' போட்டுப் பார்க்கிறார். பதில் வருகிறது. "லைன் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

கணக்கோ திறக்கவில்லை! பழி யார் மீது? அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கும் குமாஸ்தா மீது!

இது நியாயமா?

'பிங்' என்றால் என்ன?

வாசலில் நின்று "வீட்டில் யார்?" என்று குரல் கொடுக்கிறோம் அல்லவா? அதுதான் பிங். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைக் கூப்பிடுகிறது. அது பதில் கொடுக்கிறது. போய்வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதும் தெரிகிறது.

இதை எழுதியவர் அமெரிக்காவில் ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ். ஆண்டு 1983. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுகிறவர்கள் கடலுக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்பார்கள். அந்த ஓசையையே அவர் பெயராக வைத்தார்.

குரலுக்குப் பதில் வந்தால், வீட்டில் ஆள் இருக்கிறார் என்று பொருள். அடுப்பில் சோறு வெந்துவிட்டது என்று பொருள் அல்ல!

கம்பி ஒன்று, மொழி இரண்டு

1990-களில் பல ஆபீஸ்களில் நோவெல் கம்பெனியின் 'நெட்வேர்' இருந்தது. அது பேசிய மொழி ஐ.பி.எக்ஸ். சாதாரண பிங் பேசுவதோ ஐ.பி. என்ற வேறு மொழி. இரண்டும் ஒரே கம்பியில் ஓடும். ஒன்று ஓடினால் மற்றதும் ஓடும் என்று எப்படிச் சொல்வது?

ஐ.பி.எக்ஸ். செய்தியை உறையில் போட்டு அனுப்பும். நெட்வேர் 3.11-ல் தானாக அமைந்த உறை ஒரு விதம். 3.12-ல் வேறு விதம். சர்வரில் ஒரு விதம், குமாஸ்தாவின் கம்ப்யூட்டரில் இன்னொரு விதம் என்றால், ஒன்றின் பேச்சு மற்றதற்கு எட்டாது. பிங்குக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் வரும்!

மௌனம் மரணம் அல்ல

பதில் வராவிட்டால் மெஷின் செத்துவிட்டது என்பதும் தவறு. காவலுக்கு வைத்த 'பயர்வால்' பிங்கைத் தடுத்திருக்கலாம். உள்ளே வேலை நன்றாகவே நடந்துகொண்டிருக்கும்.

பிங் பொய் சொல்வதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறது. கேட்காததற்கும் அதையே சாட்சிக்கு இழுப்பது நம் குற்றம்.

ஐ.பி.எக்ஸ். இன்று அருகிவிட்டது. பாடம் மட்டும் பழசாகவில்லை. பழைய மொழியில் கோளாறா? அந்த மொழியிலேயே கேளுங்கள். ஐ.பி.எக்ஸ்.சுக்கு என்றே தனிப் பிங் உண்டு. கடைசியாகக் குமாஸ்தாவிடம் ஒரு வார்த்தை: "கணக்கு திறக்கிறதா, ஐயா?"

அவர் "திறக்கிறது" என்று சொன்ன பிறகு புறப்படுங்கள்!