கையைப் பழக்கினால் போதுமா?

ஓர் ஆலையை விலை கொடுத்து வாங்கிவிடலாம். அதை இயக்கும் அறிவையும் அவ்வாறே வாங்கிவிட முடியுமா? பீட்டிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகளை ஐரோப்பியர் பிற நாடுகளில் நிறுவத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிறது. கொதிகலன், குழாய், வடிகட்டி என ஒவ்வொன்றையும் கணக்கிட்டுக் கையெழுத்திடுவோர், அவற்றை இயக்கப்போகும் உள்நாட்டுத் தொழிலாளரின் பயிற்சியை மட்டும் ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிவிடுவது நேர்மையா என்று கேட்கிறோம். “எந்த விசையை எப்போது அழுத்துவது என்று காட்டினால் போதும். காரணமெல்லாம் தொழிலாளிக்கு எதற்கு?” என்று வாதிடுவோர் உண்டு. இவ்வாதம் தொழிலுக்கும் கேடு, மனிதனுக்கும் இழுக்கு என்பதே நம் துணிபு.

முதலில் தொழிலின் தன்மையை நோக்குவோம். நம் சமையலறையின் சிவந்த பீட்ரூட்டுக்கு உறவானது சர்க்கரை பீட்; ஆனால் வெண்ணிறமானது. அதன் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சர்க்கரையே. நாம் அறிந்த கரும்பைப் போல அதை உருளைகளுக்கிடையே பிழிவதில்லை. கழுவி, மெல்லிய சீவல்களாக அரிந்து, டிஃப்யூசர் என்னும் பெருங்கலனில் வெந்நீரோடு எதிரெதிர்த் திசையில் செலுத்துவார்கள். அங்கே வெப்பம் 70 பாகை செல்சியஸை ஒட்டி நிற்க வேண்டும். மிகுந்தால் சீவல்கள் குழைந்து வழியை அடைக்கும். பெக்டின் சாற்றில் கரைந்து, பின்னால் வடிகட்டிகளைத் திணறடிக்கும். குறைந்தாலோ நுண்ணுயிர்கள் பெருகிச் சர்க்கரையைத் தின்னும். பின்னர்ச் சாற்றில் சுண்ணாம்புப் பாலைச் சேர்த்து, காளவாயிலிருந்து வரும் கரியமில வாயுவைச் செலுத்தி அழுக்கைப் படியவைத்து வடிப்பார்கள். தெளிந்த சாற்றைச் சுண்டவைத்து, வெற்றிடக் கொப்பரையில் மணி கட்டச் செய்வார்கள். நம் கரும்பாலைகளில் ‘பேன்மேன்’ எனப்படுபவர், பாகில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, மணியின் பருவத்தைக் கண்ணாலும் விரலாலும் அறிவாரன்றோ? அத்தகைய தேர்ச்சி பீட் ஆலைக்கும் தேவை.

இத்தகைய தொழிலில் விசைப்பயிற்சி மட்டும் பெற்றவர் என்ன செய்வார்? எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் அவர் போதும். ஆனால் கடும்பனியில் உறைந்து பின் இளகிய பீட் வண்டி வண்டியாக வந்து இறங்கும் நாள் ஒன்று வரும். அதில் ஊறிய பசைப்பொருள் வடிகட்டிகளை அடைக்கும். விசைகள் சொல்லிக்கொடுத்த இடத்தில்தான் இருக்கும், ஆலையோ நின்றுவிடும். காரணம் அறிந்தவர் கிழங்குக் குவியலை நோக்கி ஓடுவார். அறியாதவர் வெளிநாட்டுப் பொறியாளருக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பின் விலையை யார் கொடுப்பது? குவியலில் கிடந்து அழுகும் கிழங்கின் உரிமையாளனான உழவனல்லவா?

இன்னொன்றையும் எண்ண வேண்டும். பீட் ஆலை ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. வட ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் தொடங்கும் அரவை மூன்று நான்கு மாதங்கள் இரவு பகலாக நடந்து ஓய்ந்துவிடும். மற்ற மாதங்களில் பொறிகளைக் கழற்றிப் பழுது பார்ப்பார்கள். கோடையில் இரண்டு வாரம் அழைத்துச் செல்லப்படும் அயல்நாட்டுத் தொழிலாளர் காண்பது உறங்கும் ஆலையையே. ஓடாத ஆலையில் எந்தக் கொதிநிலையைக் கற்பார்? ஓர் அரவைப் பருவம் முழுவதும் தேர்ந்தவரின் அருகில் நின்று, மறு பருவத்தில் தம் ஆலையில் தாமே இயக்கி, தேர்ந்தவர் அருகில் நின்று பார்க்கும் பயிற்சியே பயிற்சி. அதற்குக் குறைந்த எதுவும் வெறும் சுற்றுலாவே.

இத்தொழிலின் பிறப்பே நம் கூற்றுக்குச் சான்று. பீட்டில் சர்க்கரை உண்டு என்பதை 1747இல் மார்க்கிராஃப் என்னும் ஜெர்மானிய வேதியியலார் கண்டறிந்தார். அவருடைய மாணவர் ஆக்கார்டு 1801இல் சிலேசியாவின் குனெர்ன் என்னும் ஊரில் முதல் ஆலையை நிறுவினார். பிரான்சில் நெப்போலியன் பீட் பயிரிட ஆணையிட்டதோடு அமையவில்லை. 1812 ஜனவரி 15ஆம் நாள் ஆணையால் ஐந்து பயிற்சிப் பள்ளிகளையும், அவற்றில் 100 மாணவர்களுக்கு இடத்தையும் ஏற்படுத்தினார். போர்வெறியரான அப்பேரரசருக்கே, கற்றவர் இல்லாமல் ஆலை ஓடாது என்பது விளங்கியிருந்தது. அவர் வீழ்ந்தபின் கரும்புச் சர்க்கரை மீண்டும் வந்து இறங்க, பிரான்சின் பீட் ஆலைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஆயினும் அறிவு மடியவில்லை. அராஸ் நகரின் கிரெஸ்பெல் போன்றோர் அதை அணையாமல் காத்தனர்; பின்னர்த் தொழில் மீண்டும் தழைத்தது.

அயர்லாந்தின் கார்லோ நகரில் 1926இல் பெல்ஜியர் பீட் ஆலை ஒன்றை எழுப்பினர். தொடக்கத்தில் தொழில்நுட்பப் பணிகளை அறிந்திருந்தவர் வெளிநாட்டவரே. 1933இல் அரசு தன் நிறுவனத்தை அமைத்து அவ்வாலையை ஏற்றது. 1934இல் மாலோ, தர்லெஸ், டூவம் ஆகிய ஊர்களிலும் ஆலைகள் எழுந்தன. துருக்கியிலும் அவ்வாறே. 1926இல் அல்புல்லு, உஷாக் ஆகிய இடங்களில் அயல்நாட்டுப் பொறிகளோடு தொடங்கியவர்கள், பிற்காலத்தில் எஸ்கிஷெஹிரில் சர்க்கரை ஆலைக்குரிய பொறிகளைத் தாமே செய்யும் அளவுக்கு வளர்ந்தனர். கற்றவன் கற்பிப்பவனாக மாறுவதே பயிற்சியின் உரைகல்.

“அயர்லாந்தின் ஆலைகள் இன்று எங்கே? 2005இல் கார்லோவும் 2006இல் மாலோவும் மூடப்பட்டனவே. கற்ற திறமை காப்பாற்றியதா?” என்று கேட்கலாம். இல்லைதான். அவற்றை வீழ்த்தியது ஐரோப்பிய ஒன்றியத்தின் சர்க்கரைக் கொள்கை மாற்றமும் வணிகக் கணக்குமே. ஆனால் இடைப்பட்ட எண்பது ஆண்டுகளில் அத்திறமை எத்தனை குடும்பங்களுக்குச் சோறிட்டது! சந்தை ஆலையை மூடலாம். மனிதர் கற்றதைப் பறிக்க அதனால் இயலாது.

உயிரும் இதில் அடங்கியிருக்கிறது. சர்க்கரைத் தூசு காற்றில் பரவித் தீப்பொறி பட்டால் வெடிமருந்தாகும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், போர்ட் வென்ட்வொர்த் என்னும் ஊரின் சர்க்கரைச் சுத்திகரிப்பு ஆலையில் 2008 பிப்ரவரி 7ஆம் நாள் அவ்வாறு வெடித்து 14 தொழிலாளர் மாண்டனர். அது பீட் ஆலையன்று. ஆயினும் தூசின் இயல்பு ஒன்றே. தூசு குவிய விடப்பட்டதையும், ஆபத்தில் வெளியேறுவதற்கான ஒத்திகை நடத்தப்படாததையும் அந்நாட்டு விசாரணை வாரியம் சுட்டிக்காட்டியது. சொந்த மொழியில் கையேடு உள்ள நாட்டிலேயே இந்நிலை என்றால், தமக்குப் புரியாத மொழியில் எச்சரிக்கைப் பலகையைக் காணும் தொழிலாளரின் கதி என்ன?

பயிற்சிக்குச் செலவாகும் என்பார்கள். ஒரு பருவம் பாழானால் ஆகும் செலவை அவர்கள் கணக்கிடுவதில்லை. கற்றவர் வேறிடம் போய்விடுவார் என்பார்கள். நல்ல ஊதியம் தந்து நிறுத்தட்டும். அறியாமையைச் சங்கிலியாக்கி மனிதரைக் கட்டிவைப்பது கொத்தடிமைத்தனத்தின் மறுவடிவமே. விற்பவரை மட்டும் நாம் குறை கூறவில்லை. பயிற்சிக்கென ஒதுக்கிய இடங்களில் காளவாயின் அருகே நிற்பவரை விட்டுவிட்டு, அலுவலக நாற்காலிக்காரர்களை அனுப்பும் வாங்குவோரும் இக்குற்றத்தில் பங்காளிகளே.

உழைப்பைக் குறித்து 1981இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட சுற்றுமடல், பொறி மனிதனுக்குத் துணை என்று ஏற்கிறது. ஆனால் உழைப்பில் அவனுக்குரிய நிறைவையும் படைப்பூக்கத்தையும் பொறுப்பையும் பறிக்கும்போது அதுவே அவனுக்குப் பகையாகும் என்றும் எச்சரிக்கிறது. காரணம் கற்பிக்காத பயிற்சி செய்வது இதைத்தான்.

எனவே மூன்று கேள்விகளால் ஒரு பயிற்சியை எடைபோடுவோம். பயின்றவருக்குத் தாம் செய்வதன் காரணம் தெரிகிறதா? ஆபத்தைக் கண்டால் யாரையும் கேளாமல் ஆலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டா? தாம் கற்றதைத் தம் தாய்மொழியில் இன்னொருவருக்குக் கற்பிக்க அவரால் இயலுமா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால், ஆலை அந்நாட்டுக்குச் சொந்தமாகிவிட்டது. இல்லையெனில், விலையை முழுவதும் செலுத்திய பின்னும் அது அயலாரின் ஆலையே.