லெப்டொப் மெதுவாகிவிட்டதா? நகையை அடகு வைக்க முன்

உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்த நாட்களில் ஒரே முறைப்பாடுதான். "சேர், காலையில லெப்டொப் நல்லா வேலை செய்யுது. ரெண்டு மணித்தியாலம் போனா அசையுதில்ல. புதுசு ஒண்டு எடுப்பமா?" கேட்பவர்கள் அநேகமாக உம்மாமார். 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு புதிய லெப்டொப் என்றால் பல வீடுகளில் நகை அடகுக்குப் போகும். ஆகவே கடைக்குப் போக முன் கொஞ்சம் பொறுங்கள் என்கிறோம்.

காலையில் ஓடி, பத்து மணிக்குக் களைக்கிறது என்றால் அநேகமாக அது வயதுக் கோளாறு அல்ல. நம்மவர்களின் பழைய லெப்டொப்புகள் பலவற்றில் இருப்பது 4 ஜிபி ரேம். ஸூம் வகுப்பு ஓடுகிறது, குரோமில் பதினைந்து பக்கம் திறந்து கிடக்கிறது, கூடவே வேர்ட், இடையில் யூடியூப். ரேம் என்பது நாம் வேலை செய்யும் மேசை மாதிரி. மேசை நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தைத் தூக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைக்கும், தேவைப்படும்போது திரும்ப எடுத்து வரும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் ரேமைவிடப் பல மடங்கு மந்தம். பிள்ளை காத்திருப்பது இந்தப் போக்குவரத்துக்காகத்தான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மெதுவாகும் அந்த நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மெனேஜர் வரும். மெமரி 90 வீதத்தைத் தாண்டி நிற்கிறதா? ரேம் போதாது. டிஸ்க் 100 வீதத்திலேயே ஒட்டி நிற்கிறதா? ஹார்ட் டிஸ்க்கால் ஈடுகொடுக்க முடியவில்லை. இரண்டும் சாதாரணமாக இருந்து, அடிப்பக்கம் கொதித்து, விசிறி இரைந்தால் சூடுதான் காரணம். சூடு ஏறினால் புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெத்தையில் வைத்துப் படிக்கும் பிள்ளைகளின் லெப்டொப்புக்கு வேறென்ன நடக்கும்? மேசையில் வையுங்கள், விசிறித் தூசைத் துப்புரவாக்குங்கள்.

இன்னொன்று. ஷட் டவுன் செய்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று நினைக்கிறோம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் அப்படி முழுமையாக நடப்பதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் நடக்கும். செலவில்லாத வைத்தியம் இது.

சில கடைகளில் எதைக் கொண்டுபோனாலும் "போமட் அடிச்சுத் தாறம்" என்பார்கள். நாலு நாள் நன்றாக இருக்கும். ரேம் அதே 4 ஜிபிதானே! பிள்ளையின் செயற்றிட்டமும் குடும்பப் படங்களும் போனதுதான் மிச்சம். ரேமை 8 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் புதிய லெப்டொப்பின் விலைக்குக் கிட்டவும் வராது. சில மெல்லிய லெப்டொப்புகளில் ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், மாற்ற முடியாது. முதலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது உண்மை. பழைய புரொசசர் உள்ளவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்காது என்பதும் உண்மை. அதற்காகக் குப்பையில் போட வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் இலவசம். ஸூமும் உலாவியும் அதில் ஓடும். எம்.எஸ். ஒபிஸ் கட்டாயம் தேவைப்படும் பிள்ளைக்கு மட்டும் சிரமம்.

வீட்டை விட்டுப் பாடசாலைக்கு வருவோம். நாம் புதுக் கணினி இரண்டு அன்பளிப்புச் செய்து, பெனர் கட்டிப் படம் எடுக்கிறோம். அதே ஆய்வுகூடத்தில் பழையவை பத்து, துணி போர்த்திக் கிடக்கின்றன. அந்த இரண்டின் காசுக்கு இந்தப் பத்தில் எத்தனையை எழுப்பலாம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எஸ்.எஸ்.டி.க்குப் பெனர் கட்ட முடியாது என்பதாலோ என்னவோ! ஐ.சி.ரி. படித்துவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். பழைய மாணவர் சங்கம் அடுத்த கூட்டத்தில் அவர்களையும் அழைத்து, அந்தப் பத்தையும் திறந்து பார்க்க ஒரு நாள் குறிக்கட்டும்.