வால்வுக்கும் ஜோடிப் பொருத்தம்!

வீட்டில் கிடார் வாசிக்கிற பிள்ளையோ பெண்ணோ இருந்து, பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் வந்து சேர்ந்துவிட்டதா? என்றைக்காவது ஒரு நாள் உங்களிடம் விண்ணப்பம் வரும். "அம்மா, வால்வு போய்விட்டது. ஒன்று வாங்கினால் போதாது. ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். அதுவும் மாட்ச் செய்த ஜோடி. அப்புறம் பயாஸ் வேறு வைக்க வேண்டும்!" கேட்கிறபோது, கடைக்காரரும் பிள்ளையும் கூடிப் பேசிச் செய்த ஏற்பாடு போலத் தோன்றும். அதில் பாதி நிஜம், மீதி வியாபாரம். எது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு பர்ஸைத் திறக்கலாம், வாருங்கள்.

முன்பு நம் வீடுகளில் வால்வு ரேடியோ இருந்ததல்லவா? அதில் ஒலிபெருக்கியை வேலை வாங்கும் பெரிய வால்வு பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். ஆகவே பொருத்தம் என்ற பேச்சே எழவில்லை. மேடைக் கிடாருக்கு அந்தச் சக்தி எந்த மூலைக்கு? அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் தயாரித்த 'பாஸ்மன்' என்ற பெட்டியில் சக்தி வால்வுகள் இரண்டு. லண்டனில் ஜிம் மார்ஷல் என்பவர் டிரம் வாசிப்பவர், டிரம் வாத்தியார், வாத்தியக் கடையும் வைத்திருந்தவர். அமெரிக்கச் சரக்கின் விலை அங்குள்ள இளைஞர்களுக்கு எட்டவில்லை. ஆகவே 1960களின் தொடக்கத்தில் அந்தப் பாஸ்மனையே மாதிரியாக வைத்து, அவர் கடையில் ஓர் ஆம்ப்ளிஃபயர் உருவாயிற்று. அதிலும் ஜோடி வால்வுதான். பிற்பாடு வந்த பெரிய பெட்டிகளில் நான்கு. அதாவது இரண்டு ஜோடி.

ஜோடி எதற்கு? ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலி அலையின் ஏறுகிற பாதியை ஒரு வால்வும், இறங்குகிற பாதியை மற்றதும் கவனித்துக்கொள்கின்றன. ஒருத்தியின் கை ஓங்கியும் மற்றவளுடையது சோர்ந்தும் இருந்தால் தாளம் என்ன ஆகும்? இரண்டின் மின்னோட்டமும் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் எதிரெதிராகப் பாய்வதால், சமமாக இருக்கும்வரை ஒன்றின் காந்த விளைவை மற்றொன்று அழித்துவிடும். சமம் கெட்டால் டிரான்ஸ்ஃபார்மருக்குச் சிரமம். 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் சேர்ந்து வரும்.

ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த வால்வுகள் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா என்பீர்கள். ஒரே அடுப்பில், ஒரே மாவில் வார்த்த தோசைகள் எல்லாம் ஒரே மாதிரியா இருக்கின்றன? இங்கிலாந்தில் பிளாக்பர்ன் நகரத்து முல்லார்ட் தொழிற்சாலையில் மயிரிழை போன்ற கம்பிகளையும் தகடுகளையும் வால்வுக்குள் பொருத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். எத்தனை நேர்த்தியான கையானாலும் கம்பிச் சுற்றின் இடைவெளியில் இம்மி வித்தியாசம் வந்தால் மின்னோட்டம் மாறிவிடும். எல்லா வால்வுக்கும் ஒரே வோல்டேஜ் கொடுத்துப் பார்த்தால், ஒன்றில் 32 மில்லி ஆம்பியர் ஓடும்; பக்கத்திலிருப்பதில் 41 ஓடும். கிட்டத்தட்டச் சமமானவற்றைச் சேர்த்துக் கட்டுவதுதான் 'மாட்ச்'. ஜாதகம் பார்ப்பதைவிட எளிது!

பொருத்தமான ஜோடி என்றால் உயர்ந்த ஜோடி என்று அர்த்தமில்லை. இரண்டு மட்டமான வால்வுகளும் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தலாம். இரண்டொரு மில்லி ஆம்பியர் வித்தியாசத்தைக் காது கண்டுபிடிக்காது. அதற்காக இரட்டை விலை கேட்டால் கொடுக்காதீர்கள். 12 ஏ.எக்ஸ். 7 போன்ற சின்ன வால்வுகளுக்கு ஜோடிப் பொருத்தமும் வேண்டாம், பயாஸ் திருத்தமும் வேண்டாம்.

அடுத்தது பயாஸ். வாத்தியம் சும்மா இருக்கும்போதும் வால்வுக்குள் கொஞ்சம் மின்னோட்டம் இருக்க வேண்டும், அடுப்பைச் சிம்மில் வைப்பது போல. அந்தச் சுடரைக் கூட்டிக் குறைக்கும் திருகுதான் கிரிட்டுக்குக் கொடுக்கும் நெகட்டிவ் வோல்டேஜ். நெகட்டிவ் அதிகமானால் சுடர் தணியும். ரொம்பத் தணிந்தால் ஓர் உலக்கை ஏறுவதற்கும் மற்றது விழுவதற்கும் நடுவே இடைவெளி விழுந்து, ஒலி வறட்டுக் கரகரப்பாகிவிடும். ரொம்பக் கூடினாலோ வால்வின் உள்தகடு பழுக்கக் காய்ந்த தோசைக்கல்லாகச் சிவக்கும். அப்படிக் கண்டால் உடனே சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள்.

கணக்கு நம் மளிகைக் கணக்கைவிடச் சுலபம். இ.எல். 34 என்ற வால்வின் தகடு தாங்கும் சூடு 25 வாட். அதில் நூற்றுக்கு எழுபது, 17.5 வாட். தகட்டில் 450 வோல்ட் இருந்தால் 17.5ஐ 450ஆல் வகுக்க, சுமார் 39 மில்லி ஆம்பியர். 6 எல் 6 ஜி.சி. என்றால் தாங்குவது 30 வாட். அதே வோல்டேஜில் 47 மில்லி ஆம்பியர் கிட்ட வரும். எழுபது என்பது உச்ச வரம்பு. சற்றுக் குறைவாக வைத்தால் வால்வுக்கு ஆயுள் கூடும். அடிக்கடி திருத்த வேண்டிய இந்த ஏற்பாட்டுக்கு 'நிலையான பயாஸ்' என்று பெயர் வைத்த மகானுபாவர் யாரோ! உண்மையில் திருத்தம் வேண்டாத ரகம் வேறு: பீட்டில்ஸ் குழுவினர் உபயோகித்த வாக்ஸ் ஏ.சி. 30 பெட்டியில், நான்கு வால்வுகளின் மின்னோட்டத்தையும் ஒரு ரெசிஸ்டரே தானாகச் சீர்செய்துவிடும். ஆகவே பெட்டி எந்த ரகம் என்று முதலில் கேளுங்கள்.

இனி, கண்டிப்பாக இருக்க வேண்டிய இடம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர்களில் நானூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். உயிரை வாங்க அது போதும். "படம் பார்த்துக் கற்றுக்கொண்டேன், நானே திறக்கிறேன்" என்று பிள்ளை ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தால், எவ்வளவு கெட்டிக்காரனானாலும் விடாதீர்கள். தொழில் தெரிந்தவருக்குக் கொடுக்கும் கூலியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்ளிஃபயரைப் போடவும் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனால் வால்வைவிடப் பெரிய செலவு.

விலை ஏன் இப்படி என்று கேட்கிறீர்களா? இன்றைக்கு இந்த வால்வுகளைச் செய்யும் ஊர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை: ஸ்லோவாக்கியாவில் சாட்ஸா, ரஷ்யாவில் சரத்தோவ், சீனாவில் சில. 2022இல் யுத்தம் மூண்டு ரஷ்யச் சரக்குக்குத் தடை வந்தபோது, உலகெங்கும் கிடார்க்காரர்கள் கையைப் பிசைந்தார்கள்.

வேலை முடிந்ததும் ரிப்பேர்க்காரரிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள். தகட்டு வோல்டேஜ் எவ்வளவு, ஒவ்வொரு வால்விலும் எத்தனை மில்லி ஆம்பியர், என்ன தேதி. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டியின் பின்புறம் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த தடவை விண்ணப்பம் வரும்போது அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.