மேல்மாடிக்குப் பிளான் இல்லையாம்!

பஞ்சாலையில் நூலோடு மல்லுக்கட்டுகிறவருக்கும், சேற்றில் இடுப்பொடிய நாற்று நடுகிறவருக்கும், பட்டணத்துத் திருவல்லிக்கேணியில் யாரோ வீடு விற்கிற கதை எதற்கு என்று நமது வாசகர்கள் கேட்கக்கூடும். பட்டணத்து வீடு என்றதும் வக்கீலும் மிராசுதாரும்தானே நினைவுக்கு வருகிறார்கள்!

ஆனால் 1923 மே முதல் தேதியன்று சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்திய கடற்கரைகளில் ஒன்று இந்தத் திருவல்லிக்கேணிக் கடற்கரை. அங்கிருந்து உள்ளே திரும்பிச் சந்துகளுக்குள் நுழைந்து பாருங்கள். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர், ஓட்டல் சிப்பந்தி, தையற்காரர், ஆபீஸ் பியூன் இவர்களெல்லாம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கிய சின்னஞ்சிறு வீடுகளும் அங்கே உண்டு. அந்த வீடுகள்தான் இன்று பிள்ளைகள் கைக்கு வந்து, பிள்ளைகள் கையை விட்டும் போய்க்கொண்டிருக்கின்றன.

ஒரு வீட்டை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அரை கிரவுண்டு மனை, 1,200 சதுர அடி. தகப்பனார் கீழ்க்கட்டை முறைப்படி பிளான் வாங்கிக் கட்டினார். மூத்தவனுக்குக் கலியாணம் ஆனது. மேலே ஒரு மாடி எழுந்தது. பென்ஷன் இல்லாத காலத்துக்கு ஆகட்டுமென்று மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஓர் அறை. வேலை தேடி வந்த வாலிபர்கள் இருவர் அதில் வாடகைக்கு இருந்தார்கள். இந்த இரண்டுக்கும் யாரும் பிளான் கேட்டுப் போகவில்லை. கார்ப்பரேஷன் மட்டும் தவறாமல் வந்தது, மேல்மாடிக்கும் சேர்த்து வரி போட! தகப்பனார் காலமானார். இரண்டு பிள்ளைகள், ஒரு பெண். வீட்டை விற்றுப் பங்கு பிரித்துக்கொள்ள நினைக்கிறார்கள்.

தரகர் வருகிறார். மேலும் கீழும் பார்க்கிறார். “மேல்மாடிக்குப் பிளான் இல்லையே! பாங்கியில் கடன் தரமாட்டான். நாளைக்கே இடிக்க வருவான். விலையைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்கிறார்.

தரகர் முழுப் பொய் சொல்லவில்லை. 2024 டிசம்பர் 17-ந் தேதி, மீரட் நகரத்து வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் கண்டிப்பாகவே தீர்ப்புக் கூறிவிட்டது. எத்தனை வருஷம் ஆனாலும், எத்தனை பணம் செலவிட்டிருந்தாலும், அதிகாரிகள் கண்மூடி இருந்திருந்தாலும் அனுமதியில்லாக் கட்டடம் சட்டப்படியானது ஆகிவிடாது. கட்டி முடித்த சான்றிதழைச் சரிபார்த்த பிறகே பாங்கிகள் கடன் தரவேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. தவறு செய்த அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் சொல்கிறது. (இந்தக் கடைசிப் பகுதியைத் தரகர்கள் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.)

இதன் விளைவு என்ன? சம்பளக்காரர் கடன் வாங்கித்தான் வீடு வாங்கமுடியும். கடன் இல்லையென்றால் அவர் ஒதுங்கிக்கொள்கிறார். மிஞ்சுகிறவர் ரொக்கத்தை மூட்டையாக வைத்திருப்பவர். பெரும்பாலும் அடுக்கு வீடு கட்டி விற்கிற பில்டர். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அவர் இந்த வீட்டில் குடியிருக்கப் போகிறாரா? இல்லை. கிரயம் முடிந்த மறுமாதம் மேல்மாடி, கீழ்க்கட்டு, ஆஸ்பெஸ்டாஸ் அறை எல்லாவற்றையும் தரைமட்டமாக்கிப் புதுக் கட்டடம் எழுப்பப் போகிறார். அவர் வாங்குவது மண்ணை. மண்ணுக்கு ஏது பிளான் இல்லாத மாடி? இடித்துத் தள்ளப்போகிற மாடியைக் காட்டி அவர் எதற்காக விலையைக் குறைக்கவேண்டும்? இந்தக் கேள்வியை மூன்று வாரிசுகளும் ஒரே குரலில் கேட்டால் பேரம் வேறு விதமாக நடக்கும்.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். மனையின் பரப்பைப்போல இத்தனை மடங்கு கட்டலாம் என்று ஒரு கணக்கு உண்டு. 2019-ல் வந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கு அதை இரண்டு மடங்காக உயர்த்தின. 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமான சாலையில் மனை இருந்தால், சர்க்காருக்குப் பணம் கட்டி இன்னும் 50 சதவீதம் வரை கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். அதற்குப் ‘பிரீமியம்’ என்று கௌரவமான பெயர்! பணத்தைக் கட்டி ஏற்றிய மாடி பிரீமியம். மகன் கலியாணத்துக்கு ஏற்றிய மாடி குற்றம். ஆட்டோ திரும்பாத திருவல்லிக்கேணிச் சந்துக்கு அந்தப் பிரீமியமும் கிடையாது.

தியாகராய நகரில் நடந்ததையும் மறந்துவிடக்கூடாது. அனுமதியில்லாக் கட்டடங்களைப் பணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த 1998-ல் சட்டசபை 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. இந்த ஒரு தடவைதான் என்று 2000-த்தில் சுப்ரீம் கோர்ட் அதை ஒப்புக்கொண்டது. ஒரு தடவை மூன்று தடவை நீட்டப்பட்டது. 2006-ல் சென்னை ஹைகோர்ட் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2011 அக்டோபர் கடைசியில் தியாகராய நகரின் பெரிய கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். 2012 ஜனவரியில், பொங்கல் வியாபாரம் கெடக்கூடாதென்று, ஆறு வாரம் திறக்க சுப்ரீம் கோர்ட் அனுமதித்தது. பிறகு 2007 ஜூலை முதல் தேதிக்கு முன்பு கட்டியவர்களுக்காக 113-சி என்ற பிரிவு வந்து, அதற்கு 2017 ஜூனில் விதிகளும் வந்தன. இனி, ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகருக்கு வாருங்கள். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் பரம்பரையாகக் குடியிருந்த ஏழைகளின் வீடுகளை 2022 மே மாதத்தில் இடித்தபோது, தாங்கமாட்டாமல் ஒருவர் தீக்குளித்து உயிர்விட்டார். பொங்கலுக்கு ஆறு வாரம் என்ற இரக்கம் அங்கே போகவில்லை.

இதனால் விதியே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நம்முடைய ஆட்களுக்கே குழி வெட்டுகிறோம். 2008 செப்டம்பர் முதல் தேதி ரங்கநாதன் தெருக் கடை ஒன்றில் தீப்பிடித்து மாண்ட இருவரும் கடைச் சிப்பந்திகள். 2014 ஜூன் 28-ந் தேதி மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் வெளியூர்க் கூலிகள். அந்தக் கட்டடத்துக்கு அனுமதிக் காகிதம் இருந்தது! காகிதம் சுவரைத் தாங்கவில்லை. ஆகவே நாம் கேட்பது இதுதான்: தான் குடியிருக்கிற சிறு வீட்டையும், கூட்டத்தை அடைத்து லாபம் பண்ணுகிற கடையையும் ஒரே தராசில் நிறுக்காதே. சிறு வீட்டுக்கு சர்க்கார் செலவில் எஞ்சினீயரை அனுப்பிச் சுவரையும் கூரையையும் சோதிக்கச் செய். பத்திரமாக இருந்தால் கூலிக்காரர் கட்டக்கூடிய தொகைக்கு முறைப்படுத்திக் கொடு. ஆபத்தாக இருந்தால் பழுதுபார்க்கக் கடன் கொடு.

அதுவரை வீட்டை விற்கிறவர்கள் என்ன செய்வது? 1971-ம் வருஷத்து நகரமைப்புச் சட்டத்தின் 56-வது பிரிவே, நோட்டீஸ் வந்தவர் கட்டினதை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு மனுச்செய்ய வழி வைத்திருக்கிறது. 1,200 அடி மனைக்கு இரண்டு மடங்கு என்றால் 2,400 அடி. மேலே சொன்ன வீடு அளவில் அதற்குள் அடங்கினாலும் அடங்கும். பக்கவாட்டில் இடம் விட்டார்களா என்பது வேறு கேள்வி. லைசென்ஸ் உள்ள எஞ்சினீயரைக் கொண்டு அளந்து பாருங்கள். மேல்மாடி விஷயத்தை வாங்குகிறவரிடம் மறைக்காதீர்கள், பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். மனை கோயிலுடையதா, வக்புடையதா என்றும் முதலிலேயே விசாரியுங்கள். திருவல்லிக்கேணியில் அடிமனை ஒருவருடையது, மேல்கட்டடம் இன்னொருவருடையது என்ற வில்லங்கம் புதிதல்ல.

பெண்ணின் பங்கை விழுங்கப் பார்க்கிற அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உயில் எழுதாமல் இறந்த இந்துத் தகப்பனின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது 1956-லேயே சட்டம். ஆண்கள் பிரிக்கும்வரை குடியிருப்பு வீட்டில் பெண் பாகம் கேட்கக்கூடாது என்றிருந்த 23-வது பிரிவையும் 2005-ல் எடுத்துவிட்டார்கள். (முஸ்லிம் குடும்பங்களில் பங்குக் கணக்கு வேறு, ஆனால் அங்கும் மகளுக்குப் பங்கு உண்டு.) தங்கை கையெழுத்து இல்லாத கிரயம் அவள் பங்கைக் கட்டுப்படுத்தாது.

ஒரே ஒரு வாரிசைத் தனியே பிடித்து, அவர் பங்கை மட்டும் மலிவாக வாங்கிக்கொண்டு மற்றவர்களை மிரட்டுவது பில்டர்களின் பழைய வித்தை. அப்படி வாங்கிய அந்நியர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், கோர்ட் மதிப்பிடுகிற விலைக்கு அந்தப் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள 1893-ம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-வது பிரிவு இடம் தருகிறது. கூட்டாகக் குடிபுகுந்து தொல்லை தரவும் அவருக்கு உரிமையில்லை. “பத்திரம் பிறகு பார்க்கலாம், இப்போதைக்கு ஒரு பொது அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள்” என்று அட்வான்ஸை நீட்டுவார்கள். பவர் பத்திரத்தால் மட்டும் சொத்துக் கைமாறாது என்று 2011 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. வாரிசுச் சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம் இவ்வளவும் கையில் சேரும்வரை, முழுக் கிரயத் தொகை மேஜைமேல் வராதவரை, எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம்.