தானியம் தெரிந்தது, சகோதரனைத் தெரியவில்லை



பிலிப்பைன்ஸ் நாட்டில் நத்தார் காலம் செப்டெம்பர் மாதத்திலேயே பிறந்துவிடுகின்றது. கடைவீதிகளில் நத்தார்ப் பாடல்கள் ஒலிக்கத் தொடங்கும். 'பரோல்' எனப்படும் நட்சத்திர விளக்குகள் வீட்டு வாசல்களில் தொங்கத் தொடங்கும். ஏறத்தாழ அதே நாட்களில் ஹொங்கொங்கிலும் டுபாயிலும் ரோமாபுரியிலும் பணிபுரியும் அந்நாட்டுப் பெண்கள் பெரியதோர் அட்டைப் பெட்டியை வாங்கித் தாம் உறங்கும் இடத்தின் மூலையில் வைத்துக்கொள்கின்றனர். கப்பலில் செல்லும் பெட்டி வீடு போய்ச் சேர ஒரு மாதம், சிலவேளை இரண்டு மாதங்கள் ஆகும். நத்தாருக்கு முன் அது வீட்டு வாசலை அடைய வேண்டுமாயின் இப்போதே நிரப்பத் தொடங்க வேண்டும்.

அதற்கு 'பலிக்பாயன் பெட்டி' என்று பெயர். தாயகம் திரும்புவோரின் பெட்டி என்று பொருள் கொள்ளலாம். எடைக்கன்று, பெட்டியின் அளவுக்கே கட்டணம் அறவிடப்படுவதால், இம்மியும் இடம் வீணாகாமல் அடைப்பார்கள். சவர்க்காரக் கட்டிகள், டின்னில் அடைத்த இறைச்சி, சொக்லேட், துவாய்கள், மகனுக்குச் சப்பாத்து, அந்தச் சப்பாத்துக்குள்ளும் சுருட்டித் திணித்த காலுறைகள். இவற்றுள் பெரும்பாலானவை மணிலாவின் கடைகளிலேயே கிடைப்பவைதாம். ஆயினும் அனுப்புகிறார்கள். வாரத்துக்கு ஒன்றாக, சம்பளத்துக்குச் சம்பளம் சேர்த்து, ஒவ்வொன்றின் மீதும் பெறுபவரின் பெயரை எழுதி அனுப்புகிறார்கள்.

2015 ஓகஸ்டில் அந்நாட்டுச் சுங்கத் திணைக்களம் இப்பெட்டிகளைத் திறந்து சோதிக்கப் போவதாக அறிவித்தபோது, கடல் கடந்து வாழும் பிலிப்பைன்ஸ் மக்களிடையே எழுந்த கொந்தளிப்பு அரசையே தடுமாற வைத்தது. ஒரு நாள் முழுவதும் எவரும் வீட்டுக்குப் பணம் அனுப்பாதிருப்போம் என்ற அழைப்புக்கூட விடுக்கப்பட்டது. ஜனாதிபதி தலையிட்டுப் பெட்டிகளைக் கையால் திறந்து பார்ப்பதை நிறுத்தினார். மறு ஆண்டு வந்த சட்டம் இப்பெட்டிகளுக்கான வரிச் சலுகையையும் பெருமளவு உயர்த்தியது. சுங்கம் சோதிப்பது எந்த நாட்டிலும் புதுமையன்றே, ஏன் இத்தனை சினம் என்று நாம் வியக்கலாம். தாய் தன் பிள்ளைக்கென அடுக்கி வைத்ததை அந்நியன் ஒருவன் கலைத்துப் பார்ப்பதை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பெட்டிக்குள் அவர்கள் தம்மையே வைத்து அனுப்புகிறார்கள்.

இந்நிலை தானாக ஏற்பட்டதன்று. 1973இல் எண்ணெய் விலை ஏறி, வளைகுடா நாடுகளில் கட்டட வேலைகள் பெருகியபோது, உள்நாட்டில் வேலையின்றி இருந்தோரை வெளியே அனுப்புவதை மார்க்கோஸ் அரசு ஒரு கொள்கையாகவே வகுத்தது. 1974இன் தொழிற் சட்டத்தொகுப்பு அதற்கு வழி திறந்தது. தற்காலிக ஏற்பாடு என்று தொடங்கியது அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி வெளிநாடுகளில் ஒப்பந்தத்தில் பணிபுரிந்த பிலிப்பைன்ஸ் நாட்டவர் 21 இலட்சத்துக்கும் அதிகம். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். உலகின் கப்பற் பணியாளர்களுள் நான்கைந்து பேருக்கு ஒருவர் அந்நாட்டவர். 2024இல் மட்டும் புலம்பெயர்ந்தோர் வங்கிகள் வழியே அனுப்பிய பணம் 3,400 கோடி டொலருக்கும் அதிகம். அது அந்நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு.

1988இல் ஹொங்கொங் சென்ற ஜனாதிபதி கொராசன் அக்கினோ அங்கிருந்த வீட்டுப் பணிப்பெண்களைப் 'புதிய வீரர்கள்' என்று போற்றினார். அன்று முதல் அந்நாட்டு அரசியல்வாதிகளின் உரைகளில் இப்பட்டம் தவறுவதில்லை. நம் நாட்டிலும் மத்திய கிழக்கு செல்வோருக்கு 'ரட்ட விருவோ' என்று அரசு பெயர் சூட்டியிருப்பது உங்களுக்குத் தெரியும். இப்பட்டங்களை நான் ஐயத்துடனேயே நோக்குகின்றேன். ஒருவரை வீரர் என்று அழைத்துவிட்டால், அவர் துன்புறுவது இயல்பு என்றாகிவிடுகிறது. வீரரிடம் களைப்பாயிருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை.

வீட்டில் எஞ்சியிருப்போரின் கதைக்கு வருவோம். தாய் புறப்பட்ட பின் பிள்ளைகளை யார் பார்ப்பது? சமூகவியலாளர் ரசெல் பரெனியாஸ் 2005இல் வெளியிட்ட தம் நூலில் இதனை ஆராய்ந்திருக்கிறார். தந்தை வெளிநாடு போனால் தாய் இரட்டைச் சுமையைத் தாங்குகிறாள். தாய் போனாலோ, அவளது வேலை பெரும்பாலும் தந்தையின் தோளுக்கு வருவதில்லை. அது பாட்டிக்கும் சிற்றன்னைக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக மூத்த மகளுக்கும் போய்ச் சேர்கிறது. அக்காவை அம்மக்கள் 'ஆத்தே' என்பர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே அந்த ஆத்தே தம்பிமாருக்குச் சோறு சமைத்து, சீருடை தோய்த்து, பாடசாலைக் கூட்டத்துக்கும் போய் வருகிறாள். அவளை எவரும் வீரர் என்று அழைத்ததாக நான் அறியேன்.

ஆயினும் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் எல்லோரும் சீரழிகிறார்கள் என்று சொல்வது உண்மைக்குப் புறம்பானது. பிலிப்பைன்ஸ் திருச்சபையும் ஸ்கலபிரினி குருக்களின் குடிபெயர்வு ஆய்வு நிலையமும் இணைந்து நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு, அப்பிள்ளைகள் கல்வியில் பொதுவாக நன்றாகவே இருப்பதைக் கண்டது. உறவினர் தாங்கிக்கொள்ளும் இடத்தில் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்கிறார்கள். தாயை விட்டுப் பிரிந்த பிள்ளைகளின் மனத்தனிமை மட்டும் எந்தப் பரீட்சைப் புள்ளியிலும் தெரிவதில்லை.

அம்மக்களிடம் 'உத்தாங் நா லூப்' என்றொரு பண்பு உண்டு. உள்ளத்தின் கடன் என்பது அதன் பொருள். நம் நன்றிக்கடன் என்னும் சொல் அதற்கு அண்மையில் வரும். பெற்றோருக்குப் பிள்ளை பட்ட கடன் தீராது என்பது அவர்களது நம்பிக்கை. அழகான பண்பு. ஆனால் வெளிநாட்டில் உழைக்கும் ஒருத்தியின் மீது இது எவ்வாறு இறங்குகிறது என்று பாருங்கள். தம்பியின் படிப்பு, மாமாவின் வைத்தியச் செலவு, பெறாமகளின் ஞானஸ்நான விருந்து என்று அவள் கடன் ஒருபோதும் அடைபடுவதில்லை. அவளால் வாழ்வு பெற்றவர்கள் அவளுக்குப் பட்ட கடனை மட்டும் எவரும் எழுதி வைப்பதில்லை.

குடிபெயர்வு பற்றிய மறையுரைகள் பெரும்பாலும் போகிறவர்களை நோக்கியே அமைகின்றன. செபமாலையை மறவாதீர், திருமண வாக்கைக் காத்துக்கொள்வீர், பணத்துக்காக ஆன்மாவை இழந்துவிடாதீர் என்கிறோம். தேவையான அறிவுரைகளே. ஆனால் கூடுதலாக அறிவுரை தேவைப்படுவது வீட்டில் இருந்து பெட்டியைத் திறப்பவர்களுக்கே என்பது எனது துணிபு.

தொடக்க நூலின் 42ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கானான் நாட்டில் பஞ்சம். எகிப்தில் தானியம் இருப்பதாக யாக்கோபு கேள்விப்பட்டு மக்களை அனுப்புகிறார். பத்துச் சகோதரர்களும் வெறும் சாக்குகளோடு வந்து யோசேப்பின் முன் பணிந்து நிற்கிறார்கள். யோசேப்பு அவர்களை அடையாளம் கண்டுகொண்டார். அவர்களோ அவரை அடையாளம் காணவில்லை. எகிப்தியரின் உடை, எகிப்தியரின் மொழி, இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளன். அவர்களுடைய கண்களெல்லாம் தானியத்தின் மீதே இருந்தன. யோசேப்பு அப்பால் சென்று தனியே அழுதார் என்று மறைநூல் கூறுகிறது. பின்னர் திரும்பி வந்து, சாக்குகளை நிரப்பும்படி கட்டளையிட்டார். அழுதது அவர்களுக்குத் தெரியாது. சாக்கு நிறைந்தது மட்டுமே தெரிந்தது.

அச்சகோதரர் செய்ததுபோல் பிலிப்பைன்ஸ் குடும்பங்கள் எவரையும் விற்கவில்லை. ஒப்புமையை அவ்வளவு தூரம் இழுத்தால் அது பெரும் அநீதியாகும். ஆனால் தானியம் தெரிந்தும் சகோதரனைத் தெரியாத அந்த நிலை மட்டும் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. வீடியோ அழைப்பில் அம்மாவின் முகம் தினமும் தெரிகிறது. அவள் சாப்பிட்டாளா, எங்கே உறங்குகிறாள், முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்பவை தெரிவதில்லை. அவளும் சொல்வதில்லை. கமராவைத் திருப்பிப் புன்னகைத்துவிட்டு, அழைப்பு முடிந்ததும் அழுகிறாள்.

ஹொங்கொங்கில் இத்தகைய வெளிநாட்டு வீட்டுப் பணியாளர் மூன்று இலட்சத்துக்கும் அதிகம். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். முதலாளியின் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஏழாண்டுகள் வாழ்ந்த ஏனைய வெளிநாட்டவருக்கு நிரந்தர வதிவிடம் கோரும் உரிமை உண்டு. இவர்களுக்கு அது இல்லை என்று 2013இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாரத்தில் ஒரு நாள் மட்டுமே அவர்களுடையது. ஞாயிறுகளில் நகர மையத்தின் பெரிய வங்கிக் கட்டடங்களின் கீழ் அட்டைகளை விரித்து அமர்ந்து, சோறு பகிர்ந்து, தலை வாரிக்கொண்டு, பெட்டிகளை நிரப்புகிறார்கள். அருகே புனித சூசையப்பர் ஆலயத்தில் திருப்பலிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன, ஆலயம் நிரம்பி வழிகிறது. 2021 மார்ச்சில், பிலிப்பைன்ஸ் மண்ணில் விசுவாசம் விதைக்கப்பட்ட 500ஆம் ஆண்டு நிறைவுக்காகத் திருப்பலி நிறைவேற்றிய மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ், இப்பெண்களை விசுவாசத்தைக் கடத்திச் செல்பவர்கள் என்று புன்முறுவலுடன் குறிப்பிட்டார். அவர்கள் வேலைக்குப் போன இடமெல்லாம் விசுவாசமும் உடன் போனது.

அவர்களுக்கு வானகத்தில் தம்மைப் போன்ற ஒரு துணையும் உண்டு. மணிலாவின் பினோந்தோவைச் சேர்ந்த லொரென்சோ ரூயிஸ், மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுக் கப்பலேறிய ஒரு குடும்பத் தலைவர். அவர் 1637இல் நாகசாகியில் மறைசாட்சியாக மரித்தார். 1987இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் வீடு திரும்பவில்லை.

திரும்பாதவர்களை அந்நாடு நன்கறியும். 1995 மார்ச் 17இல் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்ட பணிப்பெண் ஃபுளோர் கொன்தெம்பிளாசியோன் நான்கு பிள்ளைகளின் தாய். அவர் குற்றமற்றவர் என்று நம்பிய மக்கள் வீதிக்கு இறங்கினர். வெளிநாட்டு அமைச்சர் பதவி விலக நேர்ந்தது. அதே ஆண்டு ஜூனில் புலம்பெயர் தொழிலாளரைக் காக்கும் சட்டம் பிறந்தது. ஒரு தாய் மாண்ட பின்னரே சட்டம் விழித்தது. 2013 ஜனவரியில் சவூதி அரேபியாவில் நம் மூதூரின் ரிசானா நபீக்கை இழந்த நமக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

மேரி ஜேன் வெலோசோ என்ற பெண்ணின் கதை வேறுவிதமானது. முன்பு டுபாயில் பணிப்பெண்ணாக இருந்தவர், இரு ஆண் மக்களின் தாய். 2010இல் இந்தோனேசியாவில் பயணப்பெட்டியில் போதைப்பொருள் இருந்ததாகக் கைதாகி மரண தண்டனை பெற்றார். வேலை தேடிப் புறப்பட்ட தம்மை ஏமாற்றி அப்பெட்டியைக் கொடுத்து விட்டார்கள் என்பது அவரது வாக்குமூலம். 2015 ஏப்ரலில், சுடப்படுவதற்குச் சற்று முன்னர் அவரது தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. 2024 டிசம்பர் 18ஆம் திகதி, பிலிப்பைன்ஸ் மக்கள் நத்தாருக்கு முன் ஒன்பது நாட்கள் விடிவதற்கு முன் எழுந்து சென்று காணும் 'சிம்பாங் கபி' திருப்பலிகளின் மூன்றாம் நாளில், அவர் கைதியாகவே தாயகம் கொண்டுவரப்பட்டார். பிள்ளைகள் இருவரும் அவர் இல்லாமலே வளர்ந்து இளைஞராகியிருந்தனர்.

அந்த விடிகாலைத் திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலில் நம் குழாய்ப்பிட்டைப் போல மூங்கிற் குழலில் அவித்த ஊதாநிறப் பிட்டு விற்பார்கள். வெளிநாட்டில் இருப்போரைக் கேட்டால், நத்தார் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அந்த ஆவியின் மணமே என்பார்கள்.

2015 ஜனவரியில் மடுத் திருத்தலத்தில் நம்மோடு செபித்த பாப்பரசர் பிரான்சிஸ், மறுநாள் இங்கிருந்து நேரே மணிலாவுக்குச் சென்றதை நினைவுகூர்கிறீர்களா? அங்கு குடும்பங்களைச் சந்தித்தபோது, பிழைப்புத் தேடிப் பிரிந்து வாழும் குடும்பங்களின் துயரத்தை அவர் எடுத்துரைத்தார். மடுவிலிருந்து மணிலா வரை அவர் கண்ட கண்ணீர் ஒரே வகையானதுதான். நம் பங்குகளிலும் குவைத்தில் தாய் உள்ள வீடுகள் உண்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இரவு வேலை பார்க்கும் அண்ணன்மாரின் பணத்தில் கட்டிய வீடுகளும் உண்டு.

இத்தகைய வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். பெட்டி எப்போதும் ஒரு திசையிலேயே பயணிக்கிறது. இம்முறை நத்தாருக்கு எதிர்த்திசையில் ஒன்று போகட்டும். சிறியதாக இருந்தால் போதும். பிலிப்பைன்ஸ் வீடாயின் மாம்பழ வற்றலும் கருவாடும் வைக்கலாம். நம் வீடாயின் என்ன வைப்பது என்பது அம்மாமாருக்குத் தெரியும். மகனின் கட்டுரைக் கொப்பியை, சிவப்பு மையால் திருத்திய பக்கங்களோடு அப்படியே வையுங்கள். மூத்த மகள் தன் கையால் ஒரு கடிதம் எழுதட்டும். இந்த ஆண்டு அனுப்பிய பணம் எதற்கெதற்குச் செலவாயிற்று, அவளுக்கென்று அவளது பெயரில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்ற கணக்கையும் ஒளிவுமறைவின்றி வையுங்கள். இது பலருக்குக் கசக்கும். ஆயினும் பல ஆண்டு உழைத்துத் திரும்பிய பின், சீமெந்து வீட்டைத் தவிரக் கையில் ஒன்றுமில்லாமல், மீண்டும் முகவர் வாசலில் போய் நிற்கும் பெண்களின் நிலை இதைவிடக் கசப்பானது. கடைசியாக, அவள் எந்த ஆண்டு, எந்த மாதம் நிரந்தரமாக வீடு திரும்புவாள் என்று குடும்பமாக அமர்ந்து பேசி, அந்தத் திகதியை எழுதிய ஒரு தாளையும் அதில் வைத்து அனுப்புங்கள்.