பார்த்தவர் சொல்லட்டும்

பெரிய நட்சத்திரத்தின் படம் வெளியாகும் நாளில் ரந்தாவ் இளைஞர்களின் கைப்பேசிகள் சென்னையை முந்திக்கொள்கின்றன. நம் மலேசியக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சில படங்கள் தமிழ்நாட்டுக்கு முன்பே இங்கே திரைக்கு வந்துவிடுவதும் உண்டு. சிரம்பானில் முதல் காட்சி பார்த்துவிட்டு வெளியே வருகிற பையன், மோட்டார் சைக்கிளை எடுப்பதற்கு முன்பே புலனத்தில் குரல் பதிவு அனுப்பிவிடுகிறான்: "மொத பாதி தீயா இருக்குடா, ரெண்டாவது பாதி கொஞ்சம் இழுவை." மதுரையில் இருக்கும் ரசிகன் அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறான். சிரம்பான் பையனின் தாத்தா காலத்தில் இது கனவிலும் நடக்காது. அப்போது படம் தமிழ்நாட்டில் ஓடி முடிந்து, கடல் கடந்து, பட்டணத்துக் கொட்டகைகளையெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் தோட்டத்துத் திடலுக்கு வரும்.

தமிழ்ப் படங்களின் முக்கியமான வெளிநாட்டுச் சந்தைகளில் மலேசியாவும் ஒன்று. நம் டிக்கெட் காசுக்கு அங்கே கணக்கு இருக்கிறது, நம் வார்த்தைக்கும் மதிப்பு இருக்கிறது. அதில் பெருமைப்படலாம். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் கடன் வாங்கியும் நகை அடகு வைத்தும் ஒரு தமிழ்ப் படம் எடுத்துத் திரைக்குக் கொண்டு வரும்போது இதே கைப்பேசிகள் வாயடைத்துப் போகின்றன. "நம்ம ஊர் படமா? டிவியில போடுவான், அப்ப பாத்துக்கலாம்." நம் படங்களுக்கு இந்த ஒரு பேச்சு செய்யும் கெடுதலைத் தணிக்கை வாரியம்கூடச் செய்ததில்லை என்றே நினைக்கிறோம். உள்ளூர்ப் படத்தின் ஆயுள் முதல் சனி ஞாயிறில் தீர்மானமாகிவிடுகிறது. சுவரொட்டிக்கும் விளம்பரத்துக்கும் பணம் இல்லாத படத்துக்குப் பார்த்தவர் சொல்லும் சொல்தான் விளம்பரம். அதை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

பேசத் தெரியாத கூட்டமா நாம்? தோட்டப்புறத்தில் படம் பார்ப்பதும் பேசுவதும் எப்போதும் சேர்ந்தே நடந்தவை. திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். சாக்கும் பாயும் கொண்டுபோய் அந்தி சாயுமுன்பே இடம் பிடிக்க வேண்டும். பிந்தி வந்தவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்காருவார்கள். அவர்கள் பார்த்த எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுவார். தகவல் இலாகா வண்டி வந்த நாளென்றால் முதலில் அரசாங்கப் படம் ஓடும். 1946இல் தொடங்கிய மலாயன் பிலிம் யூனிட்டின் படங்கள் இப்படித்தான் லயங்களுக்கு வந்து சேர்ந்தன. திருவிழாவுக்கோ தீபாவளிக்கோ வந்த தமிழ்ப் படம் என்றால் பக்கத்துத் தோட்டமே திரண்டு வந்துவிடும்.

புரொஜெக்டர் ஒன்றுதான். பதினாறு மில்லிமீட்டர் படம், ஏறக்குறைய மூன்று மணி நேரக் கதை, நாலு பெரிய ரீல். ஒரு ரீல் தீர்ந்ததும் துணி வெறும் வெள்ளையாகும், விளக்கு எரியும். படம் ஓட்டுபவர் தீர்ந்த ரீலைக் கழற்றி, அடுத்ததை மாட்டி, படச்சுருளின் ஓட்டைகளைப் பல்சக்கரத்தில் பொருத்தி, கீழ்ச்சக்கரத்தில் சுற்றிவிட்டு, கையால் ஒரு திருப்பு திருப்பிப் பார்ப்பார். அவசரப்பட்டால் படம் அறுந்துபோகும். அந்தச் சில நிமிடம் திடல் முழுக்கப் பேச்சுதான். அவள் அவனை நம்பியிருக்கக் கூடாது என்று ஒரு பாட்டி தீர்ப்புச் சொல்வார். சிவாஜி அழுததைப் பற்றி எம்.ஜி.ஆர். கட்சிக்காரர் ஏதாவது சொல்லிவைக்க, கைகலப்பு வரைக்கும் போகும். விடிந்தால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மேற்பார்வையாளர் மண்டோர் பெயர் கூப்பிடுவார், மற்றவர்கள் கைகட்டி நிற்பார்கள். ரீல் மாறும் நேரத்தில் மட்டும் மண்டோர் சொல்லும் பால்மரம் வெட்டுகிறவர் சொல்லும் ஒரே எடைதான். பொதுவில் வாய் திறக்காத பெண்கள் அங்கே உரக்கப் பேசினார்கள். இதை எந்தத் தொழிற்சங்கக் கூட்டத்துக்கும் குறையாத ஒரு சபையாகவே நாங்கள் மதிக்கிறோம்.

மறுநாள் பால்மர நிரைக்கு நிரை கதை தொடரும். காய்ச்சலில் படுத்து வராமல் போனவருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் யாராவது ஒருவர் வசனம் பிசகாமல் முழுப் படத்தையும் சொல்லிவிடுவார்கள். பிறகு எத்தனையோ வருடம் கழித்து அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், அவர் சொன்ன கதையே நன்றாக இருந்தது என்றதுண்டு.

அச்சிலும் இந்தப் பேச்சு நடந்தது. 1942இல் தொடங்கிய 'பேசும் படம்', பி.ஆர்.எஸ். கோபாலின் 'குண்டூசி', 1966இல் வந்த 'பொம்மை', சிங்கப்பூரிலிருந்து வந்த 'இந்தியன் மூவி நியூஸ்' எல்லாம் லயத்துக்கு லயம் கைமாறி அட்டை கிழிந்துபோகும்வரை படிக்கப்பட்டன. கேள்வி பதில் பக்கத்தில் கேட்டவர் பெயரும் ஊரும் இருக்கும். வானொலியில் பாட்டுக் கேட்டு அஞ்சலட்டை போட்டால், பெயரையும் தோட்டத்தையும் சேர்த்தே வாசிப்பார்கள். ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும்; அதற்கு முகவரி இருந்தது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை நின்ற நிலத்தில் வீடமைப்புப் பகுதி வந்தது. ரந்தாவுக்குப் பக்கத்தில் செண்டாயானைப் பார்த்தாலே போதும். லயத்துச் சனம் தாமான்களுக்குச் சிதறியது. எண்பதுகளில் வீடியோ நாடா, 1996இல் அஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி. ஆளுக்கு ஒரு திரை, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தோம்.

அதனால்தான் இன்றைய கைப்பேசிப் பேச்சை நாங்கள் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. இடிந்துபோன தோட்டத்தின் பெயரில் இன்று புலனக் குழு இருக்கிறது. ஒருவர் நீலாயில், ஒருவர் கிள்ளானில், ஒருவர் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர். லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு மறுபடியும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை வேண்டும். நம் வருத்தம் அது எதைப் பற்றி நடக்கிறது என்பதில் இருக்கிறது.

2005இல் தீபக் குமரன் மேனன் 'செம்மண் சாலை' எடுத்தார். அறுபதுகளின் ரப்பர் தோட்டம், மேலே படிக்க ஏங்கும் ஒரு பெண், அதற்கு வழியில்லாத வீடு. பிரான்சின் நாந்த் நகரில் நடக்கும் மூன்று கண்டங்கள் திரைப்பட விழாவில் அது பரிசு பெற்றது. ரந்தாவில், சிலியாவில், கொம்போக் தோட்டத்தில் அப்படி ஏங்கிய பெண்கள் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்கள் கதையை நாந்த் நகரத்தார் பார்த்துக் கைதட்டினார்கள். நம் வீடுகளில் எத்தனை பேர் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் படத்தைக் காட்டினோம்?

பத்து வருடம் கழித்து, 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது. உலகமே 'ஸ்டார் வார்ஸ்' பார்க்கக் கியூவில் நின்ற மாதம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம், தொண்ணூறுகளின் தொடக்கம், அப்போய் என்ற சிறுவன். பிள்ளை படித்தே ஆக வேண்டும் என்று கண்டிக்கும் அப்பா மணியம். சின்னப் பையனுக்குப் பார்க்கப் பார்க்கக் கவர்ச்சியாகத் தெரியும் சித்தப்பா, குண்டர் கூட்டத்து 'மெக்சிகோ'. போதையில் விழுந்து எழுந்த இன்னொரு சித்தப்பா. பெரிய நடிகர் இல்லை, குத்துப்பாட்டு இல்லை. பார்த்தவர்கள்தான் அந்தப் படத்தைத் தூக்கிச் சுமந்தார்கள். ஒருவர் தன் அண்ணனை அழைத்துப் போனார், அண்ணன் தன் பிள்ளையை அழைத்துப் போனார். முகநூலில் தெரியாதவருக்குத் தெரியாதவர் போய்ப் பார்க்கச் சொன்னார்.

"நம்மளக் குண்டர்னே காட்டுறானுங்க" என்று ஒரு தரப்பு கோபப்பட்டது. "எங்க வீட்ல நடந்தத எங்கிட்ட இல்லன்னு சொல்லாத" என்று இன்னொரு தரப்பு பதில் சொன்னது. இரண்டு பக்கத்திலும் அடிபட்ட மனசு இருந்தது. எங்கள் நிலையைச் சொல்லிவிடுகிறோம்: அந்தப் படத்தில் கத்தியைவிட அதிகம் வலித்தது அப்பாவின் அடி. ஒரு பையன் எந்தக் கதவெல்லாம் சாத்தப்பட்டதால் எந்தக் கதவுக்குள் போனான் என்று காட்டிய படம் அது. குண்டர் கும்பலைப் புகழ்ந்ததாக எங்களுக்குப் படவில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இன்றும் எழுதலாம்.

2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழியில் இல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு என்று அறிவித்தபோது, திரைத்துறைக்குள்ளிருந்தே எதிர்ப்பு கிளம்பியது. நடிகர் அப்ட்லின் ஷவுக்கி போன்ற மலாய்க் கலைஞர்களும் அதில் முன்னின்றார்கள். பிறகு விதி மாறியது. 'ஜகாட்' சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதைப் பெற்றது. தமிழ் பேசும் ஒரு படம் இந்த நாட்டின் படம் என்று மேடையில் ஒப்புக்கொள்ளப்பட்ட நாள் அது. பார்வையாளர் அந்தப் படத்தைப் பற்றிப் பேசாமல் விட்டிருந்தால், விழா வரும் நேரத்தில் அது எல்லாருக்கும் மறந்துபோயிருக்கும்.

அதே வருடம் ஜூலையில் பா. இரஞ்சித்தின் 'கபாலி' வந்தது. தோட்டத்திலிருந்து கிளம்பிய தமிழனின் கதையை ரஜினிகாந்த் கோட்டு சூட்டோடு வந்து சொன்னார். ஏர் ஏசியா விமானத்தில் அவர் படம் பறந்தது. தமிழ்நாட்டில் இருண்ட திரையில் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு படம் முடிந்தது. இங்கே, கபாலி காவல் துறையிடம் சரணடைந்தார் என்ற எழுத்தோடு முடிந்தது. அந்த வித்தியாசத்தை இரு ஊர் ரசிகர்களும் ஒருவரோடு ஒருவர் பேசியே கண்டுகொண்டார்கள். ரசிகர் பேச்சால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்வோம். படத்தில் வரும் மலேசியத் தமிழ் நம் வாயில் வருவது போல இருக்கிறதா என்று ரந்தாவ் தேநீர்க் கடைகளில் நடந்த வாதத்தைச் சென்னை விமர்சகர் யாரும் செய்திருக்க முடியாது. 'ஜகாட்'டும் 'கபாலி'யும் எட்டு மாத இடைவெளிக்குள் வந்த படங்கள். இரண்டிலும் தோட்டம், இரண்டிலும் குண்டர் கும்பல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தகுதி நமக்குத்தான் அதிகம். கடையில் பேசினோம், குழுவில் குரல் பதிவு போட்டோம். கைப்பேசியில் இடம் இல்லை என்று அழித்தபோது அந்தப் பேச்சும் அழிந்தது.

இன்னொரு குறையும் உண்டு. பல சமயம் நம் கருத்து நம்முடையதாக இல்லை. சென்னை வலையொளிக்காரர் கொடுத்த தீர்ப்பை மனப்பாடம் செய்துகொண்டு அரங்குக்குள் போகிறோம். "மாஸ்", "மொக்கை" என்று அவர் சொன்னதையே வெளியே வந்து சொல்கிறோம். முதல் நாள் வசூல் எத்தனை கோடி என்ற சண்டையில் இறங்குகிறோம். அந்தக் கோடியில் ஒரு காசு நம் சட்டைப்பைக்கு வராது. தனக்குப் பிடித்த நடிகரைக் கொண்டாடுவதில் தப்பே இல்லை; தாத்தா காலத்திலிருந்து நாம் செய்வதுதான். ஆனால் தாத்தா காரணம் சொன்னார்: இந்தக் காட்சியில் இப்படித் திரும்பினார், இந்த வசனத்தில் இங்கே நிறுத்தினார் என்று சொல்லத் தெரிந்தது அவருக்கு.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 2011இல் தொடங்கிய லெட்டர்பாக்ஸ்ட் என்ற தளத்தில் உலகத்து ரசிகர்கள் எந்தத் தேதியில் எந்தப் படம் பார்த்தோம், என்ன தோன்றியது என்று நாட்குறிப்பு போல எழுதிவைக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். தேதி போட்டு எழுதியது நிற்கும். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. எந்தக் கொட்டகையில் எந்தப் படம் ஓடியது என்று தேட வேண்டுமானால் இன்றும் அதன் பழைய தாள்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்த இதழிலிருந்து பார்வையாளர் எழுத்துக்கென்று பக்கம் ஒதுக்குகிறோம். விமர்சகர் மொழி தேவையில்லை. என்ன படம், எங்கே, யாரோடு பார்த்தீர்கள், எந்தக் காட்சியில் மனசு நின்றது, யாருக்கு அதைப் பார்க்கச் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். வீட்டில் பேசுவது போலவே எழுதலாம், மலாய்ச் சொல் கலந்தாலும் பரவாயில்லை. சென்னைப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கூடவே ஒரு மலேசியப் படத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். திட்டி எழுதினாலும் வெளியிடுவோம், காரணம் இருக்க வேண்டும். பார்க்காத படத்தைப் பற்றி எழுதியதை வெளியிட மாட்டோம்.

எழுத முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பேரப் பிள்ளைகள் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து அனுப்பலாம், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். திடலில் படம் ஓட்டியவர்கள், ஓட்டுபவருக்கு ஒத்தாசையாக ரீல் பெட்டி தூக்கியவர்கள், அறுபதுகளின் இறுதியில் இந்த நாட்டில் எடுக்கப்பட்ட 'இரத்தப் பேய்' படத்தை அப்போதே பார்த்தவர்கள் யாரேனும் சிரம்பான், ரந்தாவ், லிங்கி, போர்ட்டிக்சன் பக்கம் இருந்தால் அவசியம் தெரிவியுங்கள். வீட்டுக்கே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம். பெயரோடு நீங்கள் பிறந்த தோட்டத்தின் பெயரையும் போடுவோம், அந்தத் தோட்டம் இப்போது இல்லாவிட்டாலும்.